அவர் பெயரைச் சொன்னேன்

என் கணவரைப் பொலிசாருக்குக் காட்டிக்கொடுத்தவள் நான். அவர் செய்யாத குற்றத்துக்கு அவரைக் காட்டிக்கொடுத்தேன். செய்தவள் நானே.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்த மூன்று வரிகளையும் பத்து வருடங்களாக மனதுக்குள் எழுதி எழுதி அழித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சமாதானம் வந்து குறுக்கே நிற்கும். சின்ன வயது, தனிமை, கைக்குழந்தை, காடு... எல்லாம் உண்மைதான். ஆனாலும் காட்டிக்கொடுத்தவள் நான்தான்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அது எனக்கு வசதியாக இருக்கிறது. தெரிந்த முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குத் துணிவில்லை. நான் பயந்தவள். நினைவு தெரிந்த நாளிலிருந்தே பயந்தவள். இந்தக் கதையில் நீங்கள் வேறு பெரிய காரணம் எதையும் தேடவேண்டாம்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருஷனின் பெயரைச் சொல்லமாட்டாள். 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிடுவோம். மற்றவர்களிடம் பேசும்போது 'அவர்' என்போம், 'பிள்ளையின் தகப்பன்' என்போம். சங்கக்கடையில் கூப்பனுக்காகப் பெயர் கேட்டால், பக்கத்தில் நிற்கும் பெண் எனக்காக அவர் பெயரைச் சொல்வாள். அவளுக்காக நான் அவள் புருஷனின் பெயரைச் சொல்வேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரே ஒரு தடவைதான் என் வாய் அவர் பெயரை உச்சரித்தது. யாரிடம் உச்சரித்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து வந்த குடியேற்றக்காரர். புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிக்குப் போகிற வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, குளக்கட்டு வழியாக இரண்டு கட்டை தூரம் நடந்தால் எங்கள் காணி. மூன்று ஏக்கர் வயலும் இரண்டு அறை வீடும் அரசாங்கம் தந்தது. வீட்டின் பின்கதவோடு ஒட்டிச் சமைக்கக் குசினியை அவரே மண்ணால் எழுப்பிக் கிடுகால் வேய்ந்தார். வாசலை மிகவும் பதிவாக, உயரம் குறைத்து வைத்துவிட்டார். நான் ஒருத்தி மட்டும் குனியாமல் போய் வரலாம்.

"உனக்கு அளவெடுத்துக் கட்டினனான்" என்று என் கட்டை உருவத்தைப் பகிடி பண்ணுவார்.

பகலில் ஆண்கள் வயலுக்கோ வாய்க்காலுக்கோ போய்விடுவார்கள். பெண்கள் தனியே கிடப்போம். அடுத்த காணி மனோன்மணி அக்காவுடையது. கத்தினாலும் கேட்காத தூரம். நான் குரங்கு கிளையை முறித்தாலும் திடுக்கிடுவேன். வந்த புதிதில் மனோன்மணி அக்காதான் எனக்கு ஒரு வழி சொல்லித்தந்தா.

"தனிய இருக்கிறன் எண்டு ஒருக்காலும் காட்டிக்கொள்ளாத, பிள்ளை. ஆரும் படலையில வந்து கூப்பிட்டா, முதல் வேலையா வீட்டுக்குள்ள பாத்து, 'இஞ்சாருங்கோ, ஆரோ வந்திருக்கினம்' எண்டு சொல்லு. உள்ளுக்கு ஆம்பிளை இருக்கெண்டு நினைச்சுக்கொண்டு போயிடுவினம்."

அங்கிருந்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். பகல் நேரத்தில் எங்கள் குடியேற்றத்து வீடுகளில் இல்லாத ஆண்களெல்லாம் படுத்துக் கிடப்பார்கள். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வயிற்றுக்குத்து. மாலையில் கிணற்றடியில் கூடும்போது, 'இண்டைக்கு உன்ர மனிசனுக்கு என்ன வருத்தம்?' என்று கேட்டுச் சிரிப்போம்.

அந்த வருடம் நாட்டில் அவசரகாலச் சட்டம் போட்டிருந்தார்கள். அனுமதியில்லாத துவக்குகளைத் தேடிப் பொலிசார் வீடு வீடாகப் புகுகிறார்கள் என்று கதை வந்தது. காட்டுப்பன்றி சுடவென்று இடியன் துவக்கு வைத்திருந்தவர்கள் அதை மரப்பொந்துகளில் ஒளித்தார்கள். எங்களிடம் துவக்கு இல்லை. பாம்பைக் கண்டால்கூட 'போ, போ' என்று வழிவிடுகிற மனிதர் அவர். பன்றிக்குத் தகரம் தட்டுவார், அவ்வளவுதான். ஆனாலும் யாரோ எங்கள் வீட்டையும் சொல்லியிருக்கிறார்கள். யார், ஏன் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அதே கிழமையில்தான் இன்னொன்றும் நடந்தது. மேற்குப் பக்கத்து வாய்க்காலோரத்தில் ஒரு வீட்டுக்குப் பட்டப்பகலில் இரண்டு பேர் வந்து தண்ணீர் கேட்டு, அந்தப் பெண்ணின் தாலிக்கொடியை இழுத்து அறுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியதுபோலச் சிவந்து கிடந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவ்வளவும் நான் ஏன் சொல்கிறேன்? என்னை நீங்கள் மன்னிக்கவேண்டும் என்றா? இருக்கலாம்... ஆனால் அடித்ததற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

காலை பத்து மணி இருக்கும். அவர் வாய்க்காலில் தண்ணீர் திருப்பப் போயிருந்தார். ஆறு மாதத்துப் பெண்குழந்தை உள்ளறையில் ஏணைத் தொட்டிலில் தூங்கிற்று. நான் குசினியில் வறுத்த மிளகாயை உரலில் இடித்துக்கொண்டிருந்தேன். கை மணிக்கட்டுவரை சிவப்பு. மூக்கு எரிந்தது.

"வீட்டுக்காரர்!" என்று குரல் கேட்டது.

உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு வீட்டு மூலையில் வந்து நின்று பார்த்தேன். படலையில் இரண்டு பேர். சாரம் கட்டி, மேலே வெள்ளைச் சட்டை. எங்கள் பக்கத்து ஆட்கள் இல்லை.

"ஐயா நிக்கிறாரோ?" என்றான் ஒருவன்.

இரண்டு பேர்! வீட்டுப் பக்கம் திரும்பி, "இஞ்சாருங்கோ, ஆரோ வந்திருக்கினம்" என்றேன். பிறகு அவர்களைப் பார்த்து, "அவருக்குக் காய்ச்சல். படுத்திருக்கிறார். பிறகு வாங்கோ" என்றேன்.

அவர்கள் போகவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒருக்கா வெளியில வரச் சொல்லுங்கோ. முகத்தைப் பாத்திட்டுப் போறம்."

நான் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தித் தடி போட்டேன். அத்துடன் விட்டேனா? இல்லை. வெறும் பாயைப் பார்த்து, "எழும்பாதேங்கோ, நீங்கள் படுங்கோ" என்று வெளியே கேட்கும்படி சொன்னேன். பிறகு தொண்டையைக் கனக்க வைத்து, ஆண்பிள்ளை இருமுவதுபோல இருமினேன். ஒரு தரமல்ல, மூன்று தரம் இருமினேன்.

இப்போது யோசித்தால், வெளியே நின்றவர்களுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். உள்ளே ஓர் ஆண். துவக்கு வைத்திருப்பதாகத் தகவல். கூப்பிட்டால் வெளியே வரமாட்டேன் என்கிறான். அவர்கள் 'பொலிஸ்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்... நான் 'தனிய இருக்கிறன், ஐயா' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்... இரண்டு பக்கமும் பொய் வேஷம் போட்டுக்கொண்டு நின்றோம்.

கதவு நீக்கலால் பார்த்தேன். படலையில் ஒருவன்தான் நின்றான். மற்றவனைக் காணவில்லை.

பின்பக்கத்தில் வேலியின் கிடுகு சரசரத்தது.

கால் ஓடவில்லை என்பார்களே, எனக்கு ஓடியது. குசினிக்கு ஓடினேன். பிள்ளை உள்ளறையில் என்ற நினைப்பு ஒன்றுதான் இருந்தது. உலக்கையை எடுத்தேன். வாசலின் ஓரத்தில் சுவரோடு ஒட்டி நின்றேன். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே புகையும் இருட்டும். காலடி வந்தது. சாரத்தை மடித்துக் கட்டியபடி, அந்தப் பதிந்த வாசலுக்குள் ஒருவன் தலையைக் குனிந்து நுழைத்தான்.

அடித்தேன்.

ஒரே அடி. பிடரிக்கும் தோளுக்கும் நடுவே விழுந்தது. தேங்காய் நிலத்தில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவன் சத்தமே போடவில்லை. முகம் குப்புற, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக விழுந்தான். என்னை அவன் காணவே இல்லை.

அவன் மடித்துக் கட்டிய சாரத்துக்குக் கீழே காக்கிக் காற்சட்டை தெரிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இங்கேதான் பத்து வருடங்களாக நானும் நிற்கிறேன். அந்தக் காக்கியை நான் கண்டது எப்போது? அவன் விழுந்த பிறகா? அவன் குனிந்தபோதா? விழுந்த பிறகு என்றால் நான் வீட்டையும் பிள்ளையையும் காத்த பெண். குனிந்தபோதே என்றால்... அப்போது நான் யார்? சில நாட்களில் எனக்கு நிச்சயமாகத் தெரியும், பிறகுதான் கண்டேன் என்று. வேறு சில நாட்களில், உலக்கை மேலே இருக்கும்போதே அந்த நிறம் என் கண்ணில் பட்டது என்றும் தோன்றும். கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னால் என் கை எழும்பாது.

விசில் சத்தம் கேட்டது. "பொலிஸ்! பொலிஸ்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அந்தச் சொல்லை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். பாலைமரங்களுக்குப் பின்னாலிருந்து சீருடைக்காரர் மூன்று பேர் வந்தார்கள். முன்கதவு உடைந்தது. அதற்குள் நான் உலக்கையை எறிந்துவிட்டு உள்ளறைக்கு ஓடிப் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

சார்ஜன்ட் உள்ளே வந்தார். நரைத்த மீசை, நெற்றியில் திருநீறு. அவர் கையை ஓங்கியிருந்தால், ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால், இன்றைக்கு எனக்கு ஒரு சாட்டு இருந்திருக்கும். அதையும் அவர் எனக்குத் தரவில்லை.

"பயப்பிடாதேங்கோ, தங்கச்சி. உங்களை ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம். எங்க அவர்?"

ஒரு கணம் இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது, ஒரு முழுக் கணம். 'ஒருத்தரும் இல்லை ஐயா, நான் பொய்க்குக் கூப்பிட்டனான், நான் பொய்க்கு இருமினனான்' என்று சொல்ல அது போதும். ஆனால் வீட்டில் ஒருவரும் இல்லையென்றால் அடித்தது யார்? அந்தக் கேள்வி எனக்கு முன்னால் வந்து நின்றது. நாக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"ஓடிப்போட்டார்" என்றேன்.

"அவர்தானே அடிச்சது?"

"ஓம்."

"பேர் என்ன?"

சொன்னேன்.

என்ன ஆச்சரியம் தெரியுமா? நாக்குத் தடுக்கும் என்றுதான் நினைத்தேன். ஐந்து வருடம் ஒருநாளும் சொல்லாத பெயர். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோல, தகப்பன் பெயரோடு சேர்த்து, ஒரு திக்கலும் இல்லாமல் வந்தது.

சார்ஜன்ட் புத்தகத்தில் எழுதினார். வாசித்துக் காட்டினார். நான் கையெழுத்து வைத்தேன். மிளகாய்த்தூள் கடதாசியில் ஒட்டியது. அதை அவர் விரலால் தட்டிவிட்டார். இந்தக் கட்டைப் பெண் அந்த அடியை அடித்திருப்பாள் என்று அவருக்கு எண்ணமே வரவில்லை. அடிபட்டவன் குனிந்து நுழைந்தபோது அவன் பிடரி என் நெஞ்சுயரத்துக்கு வந்துவிட்டது என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

அரை மணி நேரத்தில் பிள்ளையின் தகப்பன் வந்தார். தோளில் மண்வெட்டி. முழங்கால்வரை சேறு. ஆட்கள் நிற்பதைக் கண்டு, எனக்கோ பிள்ளைக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்து, ஓடி வந்தார். ஓடி வந்தவரைத்தான் பிடித்து முற்றத்தில் விழுத்தி அடித்தார்கள்.

"என்ன செய்தனான்? என்ன செய்தனான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொலிசுக்காரனை அடிச்சது நீதானேடா?"

அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். குசினி வாசலில் மயங்கிக் கிடந்தவனைப் பார்த்தார். உலக்கையைப் பார்த்தார். பிறகு என்னை, என் கைகளை. மணிக்கட்டுவரை சிவந்திருந்த என் கைகளைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓம்" என்றார். "நான்தான் அடிச்சனான்."

நீங்கள் நினைப்பீர்கள், அந்த நேரம் என் நெஞ்சு வெடித்திருக்கும் என்று. இல்லை. சார்ஜன்ட் வாய் திறந்து 'உன் மனைவியே சொல்லிவிட்டாள்' என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. எனக்கு மூச்சு வந்தது. என் புருஷனை விலங்கிட்டு இழுத்துக்கொண்டு போகிறார்கள், எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது!

விளக்கமறியல் சிறையில் அவரைப் பார்க்க என்னை மூன்று கிழமை கழித்துத்தான் விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மூச்சு விடும்போது விலாவைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். அவர் சிரித்தார்.

"நல்ல காலம்" என்று மெதுவாகச் சொன்னார். "அவங்கள் தாங்களாவே என்னை எண்டு நினைச்சிட்டாங்கள். நீ வாயைத் திறந்திடாத. பிள்ளை பால் குடிக்கிற பிள்ளை."

தாங்களாகவே... நான் தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து நான் பொலிசுக்குப் பயப்படவில்லை. அந்தக் கடதாசிக்குப் பயந்தேன். என் கையெழுத்தோடு ஒரு கடதாசி எங்கேயோ ஒரு கட்டுக்குள் இருக்கிறது. ஒருநாள் நீதிமன்றத்தில் அதை உரத்து வாசிப்பார்கள். குற்றவாளிக் கூட்டில் நின்றபடி அவர் கேட்பார். திரும்பி என்னைப் பார்ப்பார். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும், அடுப்பூதும்போதும், இதே காட்சி. வாசிக்கிறவனின் குரல்கூட எனக்குக் கேட்கும்.

வழக்குப் பேசப் பெரக்கிராசியார் ஒருவரை மனோன்மணி அக்காவின் புருஷன் பிடித்துத் தந்தார். வயதானவர், கறுத்தக் கோட்டு முழங்கையில் நூல் விட்டிருந்தது. வழக்கின் இரண்டாம் தவணையன்று நீதிமன்ற வளவுக்குள் நின்ற வேப்பமரத்தடிக்கு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, பொலிசுக்காரன் அடிபட்ட நேரம் உங்கட மனிசன் வாய்க்காலில நிண்டவர் எண்டு பக்கத்துக் காணிக்காரர் எனக்குச் சொன்னவர். தானும் கூட நிண்டவராம். மனிசன் அங்க எண்டால் இஞ்ச அடிச்சது ஆர்?"

நான் பிள்ளையின் சட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன்.

"சரி, நான் கேக்கேல்லை. ஒரு கதைக்குச் சொல்லுறன், கேளுங்கோ. ஒரு பொம்பிளை தனிய இருக்கிறா. ஆரெண்டு சொல்லாமல், சாதாரண உடுப்போட, வேலியைப் பிரிச்சுக்கொண்டு பின்பக்கத்தால ஒருத்தன் குசினிக்குள்ள வாறான். அவ அடிக்கிறா. அது குற்றமில்லை. தன்ர உயிரையும் வீட்டையும் காக்கச் சட்டம் அவவுக்கு உரிமை குடுத்திருக்கு. பொலிசுக்காரன் எண்டாலும், அவன் பொலிஸ் எண்டு அவவுக்குத் தெரியாட்டில், நான் வழக்கை வெல்லுவன்."

"தெரிஞ்சிருந்தால்?" என்று கேட்டேன்.

"அதை அவதான் சொல்லவேணும்" என்றார்.

பிறகு கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். பிரதி. நான் சொன்னதெல்லாம் மைப்பேனாவில் எழுதியிருந்தது. அடியில் என் பெயர்.

"இதை அவருக்கு நான் இன்னும் காட்டேல்லை" என்றார். "வழக்குப் பேசினால் இது வெளியில வரும். வரட்டும். நீங்கள் கூண்டில ஏறி, பயத்தில சொன்னனான் எண்டு உண்மையைச் சொல்லுங்கோ. இன்னும் காலம் போகேல்லை."

இன்னும் காலம் போகவில்லை! பத்து வருடங்களாக என் காதில் நிற்பது இந்த வார்த்தைதான். கதவு திறந்தே இருந்தது. ஒருவர் கையைப் பிடித்து வழியும் காட்டினார்.

நான் அவர் காலில் விழப்போனேன். "அதை அவருக்குக் காட்டாதேங்கோ, ஐயா" என்றேன். "உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

பெரக்கிராசியார் கடதாசியை மடித்துப் பையில் வைத்தார். அதன்பிறகு என்னோடு அதிகம் கதைக்கவில்லை.

இதுவரைக்கும் நான் செய்ததை எல்லாம் பயத்தில் செய்தேன் என்று நீங்கள் சொல்லலாம். இனிச் சொல்லப்போவதை அப்படிச் சொல்லமுடியாது. அதை நான் இரண்டு கிழமை யோசித்துச் செய்தேன்.

அடுத்த முறை கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவரிடம் சொன்னேன்: "வழக்குப் பேசவேண்டாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கோ. தண்டனை குறையுமாம்."

"பெரக்கிராசியார் வெல்லலாம் எண்டுறாரே?"

"வழக்குப் பேசினால் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பினம். நான் என்னத்தைச் சொல்லுறது? எனக்குப் பயமாயிருக்கு."

அது போதும் என்று எனக்குத் தெரியும். நான் பயம் என்று சொன்னால் அவர் எதையும் செய்வார். என்னைக் காப்பாற்றத்தான் கேட்கிறேன் என்று நினைத்தார். உண்மையில் நான் காப்பாற்றியது அந்தக் கடதாசியை, அவர் கண்ணிலிருந்து.

ஒப்புக்கொண்டார். நீதவான் இரண்டு வருடக் கடூழியம் என்றார். கடதாசி வாசிக்கப்படவில்லை.

அடிபட்ட பொலிசுக்காரனும் அன்று வந்திருந்தான். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். இடது கை சும்மா தொங்கியது. அவன் கூட்டில் நின்றவரைப் பார்க்கவில்லை. வாங்கில் உட்கார்ந்திருந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் பார்த்தான்? ஏதாவது கண்டானா? மிளகாய் மணத்தை நினைத்தானா? அவன் வாழ்க்கையும் என் கணக்கில்தான் இருக்கிறது. அதைப்பற்றி என்னால் இதற்குமேல் எழுத முடியவில்லை.

இரண்டு வருடம் நானே வயலைப் பார்த்தேன். மனோன்மணி அக்கா வீட்டார் கைகொடுத்தார்கள். அவர் மறியலிலிருந்து வந்தபோது ஆள் பாதியாக இருந்தார். விலாவில் பட்ட அடி ஆறவேயில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. ஆனால் ஊரில் அவருக்குப் பெரிய மதிப்பு. தேநீர்க்கடையில் எழும்பி இடம் கொடுப்பார்கள். 'பொலிசுக்கு அடிச்ச மனிசன்' என்று புதிதாக வந்தவர்களுக்குக் காட்டுவார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார். பாம்புக்கு வழிவிடுகிற மனிதர்! அந்தப் பெயரைச் சட்டைபோல மாட்டிக்கொண்டு என்னை அதற்குள் மறைத்து வைத்திருந்தார்.

மகளுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் தகப்பனின் வீரத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிறாள். நான் கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுகிறேன்.

எத்தனை தரம் சொல்ல நினைத்தேன் தெரியுமா? அவர் சாப்பிடும்போது, வெற்றிலை போடும்போது, நல்ல விளைச்சல் வந்து சந்தோஷமாக இருந்த நாளில்... ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தடை. சந்தோஷமாக இருந்தால் கெடுக்கக்கூடாது. கவலையாக இருந்தால் கூட்டக்கூடாது. பயந்தவளுக்குக் காரணம் கிடைக்காமல் போகுமா?

போன வருடம் இருமல் முற்றியது. ஆஸ்பத்திரியில் மருந்தைத் தந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு பின்நேரம், நெல்லுக் காயப்போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருந்தேன். மகள் பள்ளியால் இன்னும் வரவில்லை. அவர் அந்த நாட்களைப் பற்றி என்னிடம் கதைத்ததே இல்லை. அன்று தானாகவே தொடங்கினார்.

"ஸ்டேசனில மூண்டு நாள் அடிச்சாங்கள். ஒரு இன்ஸ்பெக்டர், கெட்டிக்காரன். உலக்கையில தூள் இருந்ததைக் கண்டுபிடிச்சிட்டான். 'உன்ர மனிசிதானே அடிச்சவள்? ஒரு சொல்லுச் சொல்லு, இப்பவே வீட்டை விடுறன்' எண்டான். விலா முறிஞ்சது அப்பத்தான். உன்ர பேர் என்ர வாயால வரேல்லை."

நான் விசிறிக்கொண்டே இருந்தேன்.

"பிறகு இன்னொரு கதை சொன்னான். நீயே என்னைச் சொல்லிக் குடுத்தனியாம். என்ர பேரைச் சொல்லி, கையெழுத்தும் வைச்சனியாம். அப்பிடிப்பட்டவளுக்காக ஏன் அடி வாங்கிறாய் எண்டு கேட்டான்." சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கும்வரை நெஞ்சைத் தடவிவிட்டேன். "பார், எப்பிடியெல்லாம் பொய் சொல்லுறாங்கள். என்ர மனிசி ஒருநாளும் என்ர பேர் சொன்னதில்லை எண்டு சொன்னனான். அதுக்கும் ஒரு அடி போட்டான்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு சந்தேகமும் இல்லை. ஒரு துளிச் சந்தேகம் இருந்திருந்தால்கூட நான் அழுது கொட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன்... இதுவும் இன்னொரு சாட்டோ, தெரியாது.

"பொய்தானே?" என்றார், பகிடியாக.

"ஓம்" என்றேன். "பொய்."

அதன்பிறகு மூன்று நாள் உயிரோடு இருந்தார். நினைவு தெளிவாக இருந்தது. காது நன்றாகக் கேட்டது. மூன்று நாளும் நான் அவர் பக்கத்தைவிட்டு எழும்பவில்லை. சொல்லவும் இல்லை.